நாற்பது றாத்தல் தாங்குகிற மரம்

அப்புத்தளை
9-8-1913

கொழும்பில் கம்பெனிக் கந்தோரில் இருக்கும் மகன் அழகையாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், உன் சுகத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். மலையிலிருந்து கொழுந்து மூட்டையை இறக்க நான் போட்ட கம்பியைத் தோட்டத்துச் சின்னத் துரை தான் போட்டதாகக் கம்பெனிக்கு எழுதிவிட்டார். அது ஒரு அநியாயம். அதைவிடப் பெரியது, இப்போது அதில் இரண்டு மடங்கு பாரம் விடச் சொல்கிறார், கம்பிக்குக் கீழே இருப்பது உன் அம்மா கொழுந்தெடுக்கும் தேயிலை நிரை.

உச்சி மலையிலிருந்து சுமந்து இறக்குவதற்குள் கொழுந்து கூடையிலேயே சூடேறிக் கெடுகிறது, ஒரு வழி பார் என்று என்னைக் கேட்டவரே அவர்தான். புதுச் சாமான் கிடையாது, வேலையிலிருந்து ஓர் ஆளும் கிடையாது, கம்பெனி உத்தரவு என்றார். வீரய்யா வீட்டு வாசலுக்கு ரயிலு வரப் போகுதுடா என்று கங்காணி என்னைப் பார்த்துச் சிரித்தார். கழித்துப் போட்ட கம்பியையும் கப்பியையும் எடுத்து, நடுவில் ஒரு சவுக்கு மரத்தை நட்டுத் தாங்கல் கொடுத்தேன். கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தேன், நன்றாக இறங்கியது. கொழுந்தை விட்டபோது அடியில் மோதி நசுங்கிச் சிவந்துபோனது. கல் நசுங்காது என்று எனக்குத் தோன்றவில்லை, அது என் பிழை. பிறகு அடியில் மானாப் புல்லைக் குவித்தேன். மூட்டைக்கு நாற்பது றாத்தல் என்று வைத்தேன், ஐம்பதில் மரம் முனகியது. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. கம்பெனி மெச்சி எழுதியதும் எண்பது விடு என்கிறார். கச்சான் காற்றில் வெறும் கம்பியே ஆடுகிறது என்று சொன்னேன். மரம் தாங்கும், நீ பேச வேணாம் என்றார். கம்பெனி போட்ட கட்டுப்பாட்டைக் கம்பெனி தளர்த்தலாம், மரத்தின் பலத்தைக் கடிதம் எழுதிக் கூட்ட முடியாது. கப்பியைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேலையிலிருந்து நீக்கும் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். தொர பேச்சக் கேட்டா தலைக்கு மேல மூட்ட, ஒங்க பேச்சக் கேட்டா தலைக்கு மேல கூரையே இல்ல என்கிறாள் உன் அம்மா. ஆனாலும் கப்பியைத் தன் துணிப் பெட்டியில் வைத்துப் பூட்டியவள் அவள்தான்.

வேளைக்குச் சாப்பிடு, இருமலைக் கவனி. உன் வேலைக்கு மாரியம்மன் துணை இருப்பாள். இதை நீ இங்கிலீசில் எழுதி வெள்ளிக்கு முன் உங்கள் கந்தோர்ப் பெரிய கிளாக்கர் கையில் கொடு, தபாலில் போடாதே, சுற்றி இங்கே சின்னத் துரை கைக்கே வந்து சேரும். கம்பெனி இரும்புத் தூண் அனுப்பட்டும், இல்லையேல் நாற்பதோடு நிற்கட்டும். என் பெயர் வழக்கை நான் விடவில்லை, அதை அப்புறம் பேசலாம். எண்பதுதான் வேண்டும் என்றால், முதல் மூட்டை இறங்கும்போது சின்னத் துரை அந்த மரத்தடியில் நிற்கட்டும், கப்பியை நானே மாட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா வீரய்யா