அப்பா தடவிப் பார்த்த மூக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ முதலில் கேட்கப்போவது என் மூச்சைத்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மூக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. இரண்டு பக்கமும் காற்று போகிறது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட முடிகிறது. குறட்டையும் நின்றுவிட்டது. "சத்தமே இல்லாம படுத்திருந்தா ஆள் இருக்காரா போயிட்டாரான்னு தொட்டுப் பாக்க வேண்டியிருக்கு" என்கிறாள் என் வீட்டுக்காரி. பட்டறையில் இருபது வருடமாக வார்னிஷ் அடிக்கிறேன், அதன் வாசனை இப்போதுதான் தெரிகிறது.

இதோடு என் படம் வைத்திருக்கிறேன். கொஞ்சம் வீக்கம் இருக்கிறது, கோணல் போய்விட்டது. பட்டறையில் எல்லோரும் "புது மாப்பிள்ளை" என்று கூப்பிடுகிறார்கள்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். என் பெயர் அவருக்கு மறந்து ஒரு வருடமாகிறது. ஆனாலும் நான் வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் மூக்கைத் தடவிப் பார்ப்பார். வளைவு விரலில் பட்டதும் "வந்துட்டியாடா" என்பார். எனக்கு எட்டு வயதில், நான் நிற்பது தெரியாமல் வேன் கதவை அறைந்து சாத்தி இந்த மூக்கை உடைத்தது அவர்தானே. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கட்டு பிரித்த அன்று தடவினார். மறுபடியும் தடவினார். கையை எடுத்துக்கொண்டு, "உக்காருங்க, என் பையன் வர்ற நேரந்தான்" என்றார். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். மூக்கு கோணலா இருக்கும், பாத்தாலே தெரியும் என்று எனக்கே அடையாளம் சொல்கிறார். போன செவ்வாய்க்கிழமை குரலைத் தாழ்த்தி, "அது நான் பண்ணினது. அவன்கிட்ட சொல்லணும்னு நினைப்பேன், வாய் வராது" என்றார். அவன் எப்பவோ மறந்துட்டான் என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

மூச்சுக்கு உள்ளே நேராக்கினால் போதும், வெளியே உங்கள் விருப்பம் என்று மருத்துவர் தெளிவாகவே சொன்னார். ரெண்டையும் சேர்த்தே பண்ணிக்கோ என்று நீ சொன்னது பாசத்தில். சரி என்றது நான். கண்ணாடியில் நேரான முகம் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

சாயங்காலமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால், அவன் வரட்டும் என்கிறார். மெலிந்துவிட்டார்.

உன் பெயரை மட்டும் இன்னும் சொல்கிறார் அக்கா. லீவு கிடைத்ததும் வா. என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, இவன்தான் என்று சொல். நீ சொன்னால் நம்புவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
தம்பி