மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
3–2–1974

அன்புத் தம்பி தொம்மைக்கு அக்கா மெட்டில்டா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தானும் பிளாரன்சும் சுகம். உன் சுகத்துக்கும் உன் பெண்டாட்டி பிள்ளைகள் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

பிளாரன்சுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை நம்ம ஊர்தான். ஊர்க் கமிட்டியில் இருக்கிற மிக்கேல் அண்ணன் மகன் அல்போன்ஸ், ஹார்பரில் வேலை. பாஸ்காத் திருநாள் முடிந்து மே மாதம் நம்ம ஊர்க் கோவிலில் கல்யாணம். தாய்மாமன் நீதான் பிள்ளையைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டும்.

இதைச் சந்தோஷமாக எழுத உட்கார்ந்தால் வயிறு எரிகிறது. ஊரிலிருந்து மீன் கொண்டுவந்த பெண்கள், “ஏளா மெட்டில்டா, ஒன் தம்பியையும் ஊர்ல தள்ளி வச்சாச்சு, தெரியாதா?” என்று கேட்கிறார்கள். சங்கு குளிக்கப் போகிற ரோச்சுக்குக் கயிறு பிடிக்கிறாயாமே? எந்த ரோச்? எனக்கும் அவனுக்கும் கோவிலில் மூன்று வாரம் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு வாரம் வாசித்த பிறகு, மூன்றாம் வாரம் வேண்டாம் என்றவன். ஊரே சிரித்ததே, மறந்துபோச்சா? நல்ல புத்தியோடு பதில் எழுது.

உன் அக்கா,
மெட்டில்டா


சிலுவைத்துறை,
18–2–1974

பாசமுள்ள அக்காவுக்குத் தொம்மை எழுதுவது. கல்யாணச் சேதி படித்து உன் தம்பி பெண்டாட்டி அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்தான். இந்த வீட்டுப் படியேறி ஒரு சேதி சொல்ல ஆள் இல்லாமல் போய் வெகு நாளாகிறது.

நடந்தது இதுதான். நம்ம பயல்கள் வெளியூர்க்காரன் விசைப்படகை எரித்தது உனக்குத் தெரியும். வலையையெல்லாம் அறுத்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் கோபம் வராது? போலீஸ் வந்தால் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்றது கமிட்டி. ரோச் திறந்துவிட்டான். இப்போது இரண்டு பயல்கள் ஜெயிலில், அவனை ஊர் தள்ளி வைத்துவிட்டது. எனக்கும் அது பிடிக்கவில்லை அக்கா. அவன் மூஞ்சிக்கு நேரே சொல்லியும்விட்டேன். படகில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே கிடையாது.

ஆனால் சங்கு எடுக்கக் கல்லோடு கடலுக்கடியில் போகிறவன் கயிற்றை மச்சான்தான் பிடிக்கணும் என்று எதற்கு வைத்தார்கள்? கூடப் பிறந்தவள் தாலியை நினைத்தாவது விடாமல் பிடிப்பான் என்றுதானே? ரோச்சின் மச்சான் மரியான் கமிட்டிக்குப் பயந்து கயிற்றைக் கரையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். ரோச் தனியாகவே படகைத் தள்ளினான். அவன் வீட்டிலும் உலை வைக்கணுமே. நான் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தேன். எழுந்து போய் ஏறிவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய்.

இப்போது என்னிடம் பேசினாலும் தெண்டம் கட்டணும். சில்வேரா மட்டும் என்னைப் பார்க்காமல் தெருநாயைப் பார்த்து, “ஏலே நாயே, நாளைக்குக் காத்து கெட்டுக் கெடக்கு, கடலுக்குப் போயிராத” என்கிறான். நாயும் வாலை ஆட்டுகிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

தம்பி,
தொம்மை


தூத்துக்குடி,
20–3–1974

தம்பிக்கு,

நாய் வாலை ஆட்டியதையெல்லாம் எழுதினாய், உன் மருமகள் கதி என்ன என்று எழுதவில்லை. நேற்று மிக்கேல் அண்ணன் வந்தார். தள்ளி வைத்த ஆள் கோவிலில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் படி ஏறமாட்டார்களாம். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

சின்ன வயதில் நீ எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற பிள்ளை. யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே போவாய். இந்த வீம்பு எங்கிருந்துடா வந்தது? என்னை வேண்டாம் என்றவன் உனக்கு வெல்லமாகிவிட்டான், என் பிள்ளை கல்யாணம் வேம்பாகிவிட்டது. கமிட்டியில் போய் மன்னிப்புக் கேள். எனக்குப் பதில் எழுத வேண்டாம், அங்கே போ.

மெட்டில்டா


சிலுவைத்துறை,
16–4–1974

அக்காவுக்கு,

போனேன். பாஸ்காவுக்கு முந்தின நாள் கமிட்டி கூடியிருந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர்ப் பேச்சை மீறியது தப்புத்தான் என்று மனசாரவே மன்னிப்புக் கேட்டேன். தலைவர் நல்லவிதமாகத்தான் சொன்னார்: “நீ நல்லவன்டே தொம்மை. இனிமே ரோச்சு கயித்தத் தொடமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வீட்டுக்குப் போ.”

வாயைத் திறந்தேன் அக்கா. பிளாரன்ஸ் முகம்தான் கண்ணில் நின்றது. நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. ஆனால் கீழே இருக்கிறவன் மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். அந்த நேரத்தில் அவன் நல்லவனா கெட்டவனா என்று என் கை கேட்டதில்லை. அந்தச் சுண்டு வரும்போது மேலே ஆள் இல்லாவிட்டால்? “முடியாது தலைவரே” என்று சொல்லிவிட்டேன். என் குரலைக் கேட்டு எனக்கே பயமாகப் போச்சு.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அத்தானின் தம்பி யாராவது பிள்ளையைக் கூட்டிப் போகட்டும். எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். வருத்தம் இருக்கிறது. தோளில் போட்டு வளர்த்த பிள்ளை.

தொம்மை


தூத்துக்குடி,
2–5–1974

என் தம்பி தொம்மைக்கு,

உன் கடிதத்தை அத்தான் வாசித்தபோது உன்னைத் திட்டினேன். பிறகு நானே எடுத்து வாசித்தேன், அப்போதும் திட்டினேன்.

நேற்று மிக்கேல் அண்ணனும் மதினியும் வந்தார்கள். நீ வரமாட்டாய் என்று சொன்னேன். அது போதாதாம். ஓலை வாசிக்கிற அன்று, தொம்மைக்கும் எங்களுக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நான் கோவிலில் ஊர் முன்னால் சொல்லணுமாம். “அதுக்கென்ன, சொல்லிருவா” என்று அத்தான் முந்திக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், மாதா மேல் ஆணை. “அவன் என் தம்பியாச்சே” என்று வந்துவிட்டது. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அத்தான் என்னோடு பேசவில்லை. பிளாரன்ஸ் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, “அவுக வருவாகம்மா” என்கிறாள். எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை. அல்போன்ஸ் தகப்பன் பேச்சைத் தட்டாத பையன். இங்குள்ள சாமியாரைப் பார்த்து, ஊர்க் கோவிலுக்குப் பதிலாகக் கல்யாணத்தை இங்கேயே மே 20 திங்கள் காலைப் பூசையில் வைத்துக்கொள்ளக் கேட்டுவிட்டேன்.

அந்த ரோச்சையும் அவன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா. அவனுக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டேன். இலை போட்டுச் சோறு வைப்பேன்.

நீ முதல் நாளே வந்துவிடு. மாப்பிள்ளை வந்து நின்றால் பிள்ளையைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போ. வராவிட்டால், நீயே கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வா.

உன் அக்கா,
மெட்டில்டா