இருநூற்றுப் பதினாலாம் பக்கம்

மார்ச் 7, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. செங்கல் கனம். இந்த நாட்டில் முதல் பியானோ கப்பலிலிருந்து இறங்கியது தொடங்கி இன்றுவரை வாசித்தவர்கள், பாடியவர்கள், இசை எழுதியவர்கள் எல்லோருடைய வரலாறும் இருக்கிறது. ஏழு வருஷம் ஊர் ஊராக அலைந்து எழுதியவள் பிலிப்பா காரோ, மெல்போர்ன்காரி. போன வருஷம் என் சமையலறையில் உட்கார்ந்து என் பேச்சை நாலு மணி நேரம் பதிவு செய்தாள். (இரண்டு மணி நேரம். டீ குடித்த நேரத்தைச் சேர்த்தால் இரண்டரை.)

பக்கம் 214. கிளாரி நான்கெர்விஸ். நானேதான்! எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன், பியானோ தூக்கியே முதுகைத் தேய்த்தவன், அச்சில் ஏறிவிட்டேன். 1962-ல் எங்கள் மவுண்ட் காரிக் ஊருக்கு ஹங்கேரியிலிருந்து வந்த வயலின்காரர் அன்டோர் கெலெட்டி கச்சேரி செய்த கதை. உடன் பியானோ வாசித்த உள்ளூர்ப் பெண் நடுவில் வழி தவறித் தடுமாற, பக்கம் புரட்டிக்கொண்டிருந்த பதினேழு வயது கிளாரி சரியான இடத்தில் விரலை வைத்துக் கச்சேரியையே காப்பாற்றினானாம்.

தபால் கொண்டுவந்த டிரிஷை வாசலிலேயே நிறுத்தி வாசித்துக் காட்டினேன்.

"கிளாரி, உங்களுக்கு விசிலே ஒழுங்கா வராதே. உங்களை யாரு பியானோ பக்கத்துல விட்டது?"

"புத்தகத்துல போட்டிருக்கு பாரு!"

"அப்ப சரி. புத்தகம் பொய் சொல்லுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 8, புதன்

ஒன்பது முறை படித்தேன். டிரிஷ் சொன்னது முள் மாதிரி நிற்கிறது.

பப்பில் சொல்கிற கதை வேறு. இன்றைக்கு ஒரு பிடி கூட்டுவேன், நாளைக்கு ஒரு பிடி குறைப்பேன். காலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இது அச்சு. நான் செத்தாலும் அப்படியே இருக்கும்.

கடைசியில் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. விரல் வைத்துத் தேடினேன். ரௌஸ், ஊனா: 214. அவ்வளவுதான். அறுநூறு பக்கத்தில் அவருக்கு ஒரே ஒரு பக்கம். அதுவும் என் பொய்.

மார்ச் 10, வெள்ளி

இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

ஊர்ப் பொது மண்டபமான மெக்கானிக்ஸ் ஹாலில் நல்ல பியானோ கிடையாது. வெளியூர் வித்வான் வந்தால் மெதடிஸ்ட் சர்ச் பியானோவைக் கயிறு கட்டித் தூக்கி வருவோம். அப்பா, நான், இன்னும் இரண்டு பேர். அன்றைக்கும் அப்படித்தான். கெலெட்டியோடு வரவேண்டிய பியானோக்காரர் முந்தின ஊரில் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு மிஸ் ஊனா ரௌஸ் கையில் இசை நோட்டைக் கொடுத்தார்கள். எட்டு மணிக்குக் கச்சேரி. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. ஊரில் பாதிப் பேருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர்.

பக்கம் புரட்ட ஏற்பாடு செய்திருந்த பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. "யாருக்காவது நோட்டு படிக்கத் தெரியுமா?" என்று மிஸ் ரௌஸ் கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

ஏன் சொன்னேன்? சாண்ட்விச் வெட்டிக்கொண்டு மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அதனால்தான். நோட்டில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் கட்டத்துக்கு 'பார்' என்று பெயர் என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"நான் தலையாட்டினா ஒரு தாள். ஒண்ணே ஒண்ணு" என்றார்.

இரண்டாம் பாகத்தில் தலையாட்டினார். நான் அந்த மூன்று பெண்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரலில் வேர்வை. இரண்டு தாள் சேர்ந்து புரண்டது. அவர் எப்படியோ சமாளித்தார். கெலெட்டி முறைத்த முறைப்பு மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் மெல்போர்ன் பத்திரிகையில் எழுதினார்கள்: உள்ளூர்ப் பெண்மணிக்கு மேடையைக் கண்டதும் கை நடுங்கிவிட்டது. அடுத்த வருஷம் ஆறு ஊர்க் கச்சேரிகளுக்கு அவரைக் கூப்பிடுவதாக இருந்தார்கள். இனி வேண்டாமென்று கச்சேரி நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. அதன்பிறகு ஐம்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். யாரால் நடந்தது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் சொன்னேன், வேறு மாதிரி. முதலில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு நானும் அங்கே இருந்தேன் என்றேன். பிறகு உதவி செய்தேன் என்றேன். அந்த விரல் 1980 வாக்கில் முளைத்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதக் கை வரவில்லை. "அந்தம்மா உயிரோட இருக்காங்களா?" என்று பிலிப்பா கேட்டாள். "இருக்காங்க, ஆனா நினைவு தப்பிடுச்சு. போய்ப் பார்த்துப் பிரயோஜனமில்ல" என்றேன்.

மிஸ் ரௌஸுக்கு எண்பத்தெட்டு வயது. போன வாரம்கூட முதியோர் இல்லத்தில் சீட்டாட்டத்தில் எல்லோரையும் தோற்கடித்திருக்கிறார்.

மார்ச் 11, சனி

புல் வெட்டினேன். வெட்டுகிற அளவுக்குப் புல்லே இல்லை.

மார்ச் 14, செவ்வாய்

லியான் போன் செய்தாள். என் தங்கை மகள், ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். இருபத்தைந்தாம் தேதி நூலகத்தில் புத்தக வெளியீடு. பிலிப்பா வருகிறாள். நான் மேடையேறி என் கதையைச் சொல்லவேண்டுமாம்.

"முதியோர் இல்லத்து பஸ்ல மிஸ் ரௌஸையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன் மாமா. எனக்கும் அவங்கதானே பியானோ கத்துக் கொடுத்தாங்க. பாவம், அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்ல?"

"லியான், அந்தக் கதை... முழுக்க அப்படியே நடந்ததுன்னு..."

"ஐயோ மாமா, உங்க கதை என்னிக்கு அப்படியே நடந்திருக்கு? அதுக்காகத்தானே கூப்பிடறோம்!"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். எழுபத்தெட்டு வயதில், உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் நம்ப ஆளில்லை. யாரைக் குற்றம் சொல்வது?

மார்ச் 16, வியாழன்

பிலிப்பாவைக் கூப்பிட்டேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கூப்பிட்டேன்.

அவள் முந்திக்கொண்டாள். "கிளாரி, புத்தகத்தைப் படிச்சவங்க எல்லாருக்கும் உங்க பக்கம்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு!"

போனை வைக்கும்போது கச்சேரி அன்றைக்கு ஹாலில் சூடு நாற்பத்து நாலு டிகிரி என்று புதிதாக ஒன்றைச் சொல்லியிருந்தேன்.

மார்ச் 20, திங்கள்

முதியோர் இல்லத்துக்குப் போனேன். மிஸ் ரௌஸுக்கு எலுமிச்சை கேக் வாங்கிக்கொண்டு போனேன். வண்டி நிறுத்துமிடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை. கேக்கை நானே தின்றுவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 25, சனி

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் இப்படி இருக்கிறதே, ஏன்?

கூட்டம் இருநூறு பேர். (நாற்காலி எண்பது. நின்றவர்கள் கொஞ்சம்.) மிஸ் ரௌஸ் முன்வரிசையில், டீ பாத்திரத்துக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் இருந்தார். மடியில் ஒரு தட்டு லாமிங்டன் கேக்.

நாலு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஆரம்பிக்கும்போது தாளைப் பார்த்துப் படித்தேன். போகப் போகத் தொண்டை திறந்துகொண்டது. மழை தகரக் கூரையைப் பிளந்தது என்றேன். மூன்று தாள் சேர்ந்து புரண்டது, கெலெட்டி முறைத்தார் என்றேன். கச்சேரி முடிந்ததும் ஹாலுக்குப் பின்னால் தைல மரத்தடியில் அந்தப் பெண் விம்மி விம்மி அழுததை இந்தக் கண்ணால் பார்த்தேன் என்றேன். "ஒரு மகத்தான வாழ்க்கையை முறிச்ச கை, இந்தக் கைதான்!" என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

கசாப்புக்கடை மெர்வ் மூக்கைச் சிந்தினான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு! லியான் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இந்த வயசுல இவ்வளவு தைரியமா மாமா!"

பிலிப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மிஸ் ரௌஸ் கைதட்டவில்லை. லாமிங்டனைத் தொடவுமில்லை. ஆளாளுக்கு அவரிடம் குனிந்து, தலையைச் சாய்த்து, கையைத் தடவி ஏதோ சொன்னார்கள். பஸ் வந்ததும் போய்விட்டார்.

மார்ச் 26, ஞாயிறு

பேக்கரிக்காரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 28, செவ்வாய்

மிஸ் ரௌஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"வா கிளாரி. எனக்கு நினைவு தப்பிடுச்சாமே? அந்த மெல்போர்ன் பொண்ணு அன்னிக்கு என் காதுல கத்திக் கத்திப் பேசினா. விசாரிச்சதுல தெரிஞ்சுது."

எனக்குத் தரை பிளந்தால் போதும் என்றிருந்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். உங்கள் வாழ்க்கையையே நான்...

"நிறுத்து. எத்தனை தாள்?"

"என்ன?"

"எத்தனை தாள் சேந்து புரண்டுது?"

"ரெண்டு."

"மூணுன்னியே. மழை பெஞ்சுதா?"

"இல்ல."

"நான் அழுதேனா? கச்சேரி முடிஞ்ச சாப்பாட்டுல ரெண்டு கிரீம் பஃப் தின்னேன்டா. காலைலேருந்து பட்டினி. தைல மரத்துப் பக்கம் நான் போகவே இல்ல."

நான் கிளம்பப் போனேன், இரு என்று கை காட்டினார்.

"இத்தனை வருஷமா நீ பப்புல சொன்னது எனக்குத் தெரியும். கோபம் வரும், போயிடும். குடிகாரப் பேச்சு. சனிக்கிழமை நீ பண்ணினது அதைவிட மோசம். முன்னாடி நான் பயந்தாங்கொள்ளி. இப்ப ஊருக்கே நான் பாவம். நேத்து சமையல்காரி என் கன்னத்தைத் தடவிட்டுப் போறா!"

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"நீ தப்பாப் புரட்டினதும் இடது கையால தாளைப் பின்னாடி திருப்பினேன். வலது கை நிக்கல. பதினோரு பார். நோட்டுல இருந்தது ஒண்ணும் இல்ல. அந்த நிமிஷத்துல நானே கட்டி வாசிச்சது. கெலெட்டி என்னைப் பார்த்தார். நீ முறைச்சார்னு நினைச்சுக்கிட்டே. முறைக்கல. அவர் எனக்காகக் காத்து, எங்கூட வந்தார். என் வாழ்க்கையில அதுமாதிரி நான் அதுக்கு முன்னாடியும் வாசிச்சதில்ல, பின்னாடியும் இல்ல. உன் பொய்லயும் அது இல்ல, உன் உண்மையிலயும் அது இல்ல. ரெண்டுலயும் நீதான் இருக்கே."

அந்தக் கடைசி வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன். இதை எழுதும்போது முகம் எரிகிறது. சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால் நின்றபோதுகூட இப்படி எரியவில்லை. அன்றைக்கு எரிந்த மாதிரி நடித்தேன் போல.

ஏப்ரல் 4, செவ்வாய்

திரும்பவும் மிஸ் ரௌஸிடம் போனேன். பிலிப்பாவுக்குக் கடிதம் எழுத உதவி கேட்டேன். ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். 'என் இதயம் நொறுங்கியது' என்பதை அடித்தார். 'விதி' என்பதை அடித்தார். 'கிளாரி' என்பதை மூன்று இடத்தில் அடித்தார். மிஞ்சியது நாலு வரி. அதை அப்படியே லியானை விட்டு மின்னஞ்சலில் அனுப்பினேன்.

ராத்திரி பிலிப்பா போன் செய்தாள். சொன்னாள்: "மத்த எல்லாருக்கும் ரெண்டு சாட்சி வெச்சேன் கிளாரி. உங்களை மட்டும் அப்படியே நம்பிட்டேன். நல்லா சொன்னீங்க, அதனால. நாலு தெரு தள்ளி அவங்க இருந்தாங்க. நான் போகல."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 20, வியாழன்

திருத்தச் சீட்டு அச்சாகி வந்துவிட்டது. உள்ளங்கை அகலம். கிடங்கில் இருக்கும் புத்தகங்களுக்குள் பதிப்பகத்தார் வைத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் விற்றது ஐம்பத்து மூன்று. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று லியானிடம் பட்டியல் வாங்கிக்கொண்டேன். சீட்டில் இருப்பது:

'பக்கம் 214. பக்கம் புரட்டியவர் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். ஊனா ரௌஸ் பதினோரு பார்களைத் தாமே அமைத்து, நிறுத்தாமல் வாசித்தார். அவருக்கு யாரும் உதவவில்லை.'

ஏப்ரல் 22, சனி

வீடு வீடாகப் போகிறேன். இன்றைக்குப் பதினெட்டு வீடு. கைதட்டிய அதே ஆட்கள் கதவைத் திறக்கிறார்கள். சீட்டை நீட்டுகிறேன்.

மெர்வ் படித்துவிட்டுப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தான். "இதுல உன் பேரே இல்லையேடா?"

"இல்ல."

"அழுத கதை?"

"அவங்க அழல. கிரீம் பஃப் தின்னாங்க."

"அப்ப நான் எதுக்குடா மூக்கைச் சிந்தினேன்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். நல்ல பதில் ஒன்று, நாலைந்து திருப்பத்தோடு, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

மே 2, செவ்வாய்

ஐம்பத்து மூன்றும் முடிந்தது. இரண்டு பேர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் இருந்தது. நின்று பிரிக்கச் சொல்லி, சீட்டை உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

மே 9, செவ்வாய்

பிலிப்பா பதிவுக் கருவியோடு வந்தாள். அடுத்த பதிப்பில் மிஸ் ரௌஸுக்குத் தனி அத்தியாயம் எழுதப்போகிறாள். ரயில் நிலையத்திலிருந்து நான்தான் அழைத்துப் போனேன். அறை வாசலில் மிஸ் ரௌஸ் என்னை நிறுத்தினார்.

"நீ வெளியில இரு கிளாரி. உள்ள வந்தா கதை வளந்துடும்."

நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. இரண்டு மணி நேரம் ஐந்து நிமிஷம், சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். நடுவில் ஒருமுறை உள்ளே இருவரும் பெரிதாகச் சிரித்தார்கள்.

பிலிப்பாவைத் திரும்ப ரயிலில் ஏற்றிவிட்டேன். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்கவில்லை.