128 சாம்பல்

2025 மார்ச் 3, திங்கள், காலை 9.40. ஸ்டூடியோவில் படம் திருத்துகிற பழைய மென்பொருளிலும் புதியதிலும் பொதுவாக உள்ள பிளென்ட் மோட்: 19. விடை ஒத்துப்போனவை: 19.

பழையது ஒரேயொரு கணினியில்தான் ஓடும். மூன்று பேர் அதற்கு வரிசையில் நிற்கிறோம். முதலாளி விஜயரத்தினம் அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன்: ஒரு படத்துக்கு மேல் இன்னொரு லேயரை வைத்தால் நிறம் எப்படிக் கலக்கும் என்ற கணக்குத்தான் இது. மேல் லேயரில் 128 (0 கறுப்பு, 255 வெள்ளை), அதாவது நடுச்சாம்பல், வைத்துச் சோதித்து அட்டவணை போட்டேன். இரண்டிலும் ஒரே விடை. இனி என்ன யோசனை?

மார்ச் 4
அண்ணை சம்மதம். வாடிக்கைக்காரி துஷ்யாவின் கல்யாண அல்பத்தைப் புதியதில் செய்யட்டாம். வெள்ளிக்குள் சரிவந்தால் ஸ்டூடியோ முழுக்க மாற்றம். சரிவரும்.

மார்ச் 5
நாற்பது பக்கமும் முடிந்தது. எல்லாவற்றுக்கும் எங்கள் வழக்கமான மினுக்கம் — சொஃப்ட் லைட் என்ற மோடில் ஒரு வெளிச்ச லேயர். பக்கத்து மேசைத் தாரகா, படங்களைப் பெருப்பித்துப் பார்த்தாயா என்றாள். அட்டவணை இருக்கே என்றேன். "கல்யாணம் அட்டவணைக்கோ?" என்றாள்.

மார்ச் 6
அச்சு வந்தது. அல்பம் கட்டுகிற ஜெகதீஸ்வரி அக்கா ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தா.
"தம்பி, பிள்ளை மூண்டு மணித்தியாலம் இருந்து கட்டின கொண்டை. எங்க அது?"

கொண்டை இல்லை. கறுப்புத் துணியில் மிதக்கிற மாதிரி மல்லிகைப் பூ மட்டும். அதே பக்கத்தைப் பழையதிலும் செய்து அளந்தேன்: ஒரே மயிர், பழையதில் 62, புதியதில் 46. சொஃப்ட் லைட்டுக்கு இரண்டும் வேறு வேறு சூத்திரம் பாவிக்குது. இருட்டில்தான் வித்தியாசம் கூட.

அப்ப என்ர அட்டவணை? — 128! சொஃப்ட் லைட்டில் 128 வைத்தால் படம் அசையவே அசையாது, எந்த மென்பொருளிலும். ரெண்டும் ஒண்டும் செய்யேல்ல எண்டதைத்தான் ஒத்துப்போச்சு எண்டு எழுதி வைச்சிருக்கிறன். மடையன். இது முதலாம் வருசப் பாடம்.

மார்ச் 7
அண்ணை கேட்கமுதல் நானே போய்ச் சொன்னேன். அட்டவணையை வாங்கிப் பார்த்தார்.
"அப்ப மாத்த ஏலாதோ?"
"ஏலும் அண்ணை. சோதிச்ச விதம்தான் பிழை."
"உனக்கு இன்னும் ஒரு கிழமை. அல்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரைதான்."

செய்யவேண்டியது:
1. துஷ்யாவின் நாற்பது பக்கமும் பழையதில் திரும்ப. இன்றைக்கே.
2. புதியதில் மினுக்கத்தை வேறு வழியில் கட்டுவது, கொண்டை 62 வரும்வரை. வரும்.
3. பத்தொன்பதையும் முதலிலிருந்து சோதிப்பது.
4. சோதனை எண்களை நான் தெரிவுசெய்வதில்லை. தாரகா தரட்டும்.