ஸ்ட்ரைக்கிங் அட்டை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நாலு வரியாவது எழுது. போனில் நீ சொல்லும் 'ம்', 'சரி' இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கண்டேன்?

உன் தம்பியின் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அவன் மாப்பிள்ளை முறுக்கில் திரிகிறான். நாற்காலி வாடகை பேசக்கூட நான்தான் போக வேண்டியிருக்கிறது.

துணிக்கடையில் எனக்குப் புது வேலை. ஒவ்வொரு உடுப்பிலும் ஓர் இங்கிலீஷ் வார்த்தை எழுதிய அட்டை தொங்க வேண்டுமாம், முதலாளியின் மருமகள் உத்தரவு. ஜிகுஜிகுவென்று இருந்தால் 'கார்ஜியஸ்', குழந்தை உடுப்புக்கு 'ப்ரைட்', விலை அதிகமென்றால் 'எலிகன்ட்'. 'ஸ்ட்ரைக்கிங்' என்றால் பார்த்த கண் நகராதாம். "அழகா இல்லையாங்கிறது வேற விஷயம்க்கா" என்று விளக்கினாள்.

போன வாரம் ஒரு கூத்து. சாயம் வழிந்து, தோளிலிருந்து இடுப்புவரை ஆரஞ்சுக் கோடு விழுந்த பச்சைக் கவுன் ஒன்று புதுச் சரக்கோடு கலந்து கிடந்தது. தள்ளுபடிக் கூடைக்குப் போக வேண்டியதை, டிசைன் என்று நினைத்து, ஸ்ட்ரைக்கிங் அட்டை மாட்டி வாசலிலேயே தொங்கவிட்டுவிட்டேன். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று முதலாளி குதித்தார். கழற்றப் போனால் ஒரு பெண் விட்டால்தானே! சாயம் வழிந்தது என்று உண்மையைச் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டுமே" என்றவள், அதை உடுத்திக்கொண்டே கிளம்பிவிட்டாள். முதலாளி முழு விலையையும் எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.

உன்னைக் கவுனோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று சண்டைக்கு வராதே. ஆனால் கல்யாணக் கூட்டம் கலைந்த பிறகு வருகிறேன் என்று தம்பியிடம் சொன்னாயாமே, அது எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பு வெடித்துக் கன்னத்தில் விழுந்த தழும்புதானே? யார் குடியைக் கெடுத்தாய், ஒளிந்துகொள்ள? யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. பார்ப்பார்கள். அப்புறம் பந்தியில் இடம் பிடிக்க ஓடிவிடுவார்கள்.

முடியை இழுத்து முகத்தை மூடாமல், பின்னிப் போட்டுக்கொண்டு வா. போட்டோவில் தம்பிக்குப் பக்கத்தில் நில். மற்றவர்கள் கண்ணுக்குப் பயந்து நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதில் என் கண்ணும் சேர்ந்துதானே பட்டினி கிடக்கிறது, அம்மாடி?

நன்றாக இரு. அந்தக் கன்னத்துக்கு ஒரு முத்தம் கூடுதலாக.

உன் அம்மா