அறுபத்தாறு கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசுதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் துணி அடுக்கும் அறையில் நின்றபடி எழுதுகிறேன். மூன்று மணிக்கு மேட்ரன் கூப்பிடுவார். இப்போது ஒன்றரை.

அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை. நீ அனுப்பிய சால்வையைப் போர்த்தாமல் மடித்தே வைத்திருக்கிறாள். போர்த்தினால் பழசாகிவிடுமாம்.

நான் இங்கே வார்டு உதவியாளாகச் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்றுதான் சொல்வார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் தருவார்கள். அதில் இருபத்திரண்டு வேலைகள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்து காட்ட வேண்டும். சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மின்னல் சிஸ்டர். அவர் நடக்கிற வேகத்துக்கு வார்டே வைத்த பெயர் அது. பள்ளியைப் பாதியில் விட்டவளை எடுக்கலாமா என்று நேர்காணலில் மேட்ரன் இழுத்தபோது, "கை சுத்தமா இருக்கு, கண்ணு கவனமா இருக்கு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று எனக்காகப் பேசியவரும் அவர்தான்.

ஆனால் முப்பது நோயாளிக்கு இரண்டு சிஸ்டர். யாருக்கு நேரம் இருக்கிறது? போன வாரம் பார்த்தால் புத்தகத்தில் பாதிக்கு மேல் காலி. டீ குடிக்கும்போது அதை வாங்கி, "எல்லாம் தெரியும்ல?" என்றார். தலையாட்டினேன். நான்தான் எதற்கும் தலையாட்டுவேனே, உனக்குத் தெரியாதா? டீ ஆறுவதற்குள், வாய்க்கு வந்த பழைய தேதிகளோடு அறுபத்தாறு கட்டமும் நிரம்பிவிட்டது.

முந்தாநாள், இடுப்பு ஆபரேஷன் ஆன டிரைவர் ஐயாவைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். புத்தகத்தில் முடித்தவள்தானே என்று யாரும் கூட வரவில்லை. இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைக்க வேண்டுமாம், இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டுமாம். எனக்கு இரண்டுமே தெரியாது. அவர் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. மூட்டு விலகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் டிரைவர் ஐயா, "லைசென்ஸ் இல்லாம வண்டியை எடுத்துட்டியா பாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. லைசென்ஸ் இருந்ததுதானே வம்பு.

நேற்று சாயங்காலம் மேட்ரன் என் புத்தகத்தையும் டூட்டி அட்டவணையையும் அருகருகே விரித்தார். "பதினாலாம் தேதி உனக்கு லீவு. அன்னைக்கு யாரைப் புரட்டிக் காட்டினே? தேதி மாறிப்போச்சா, இல்ல செய்யவே இல்லையா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. "ஊமைக்கோட்டான் மாதிரி நின்னா, நோயாளிக்கு என்ன ஆச்சுன்னு உங்கிட்ட எப்படிக் கேக்கறது?" என்று சலித்துக்கொண்டு, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். கற்றுக்கொண்டு மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு வேலை போகும். கற்றுத் தரவில்லை என்று எழுதினால் மின்னல் சிஸ்டருக்கு.

இன்று காலையில் மின்னல் சிஸ்டர் என்னிடம் வந்தார், மெதுவாக. "மறந்துட்டேன்னு எழுதிடாதே, உன்னை அனுப்பிடுவாங்க" என்றார். போகப் போனவர் நின்று, "எம்மேலயும் ரொம்ப எழுதிடாதேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டே வரி. நான் செய்து காட்டவில்லை, அவர் கையெழுத்துப் போட்டார். தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்று நான் பொய் சொன்னேன். கொடுத்ததிலிருந்து ஒரே போர்வையை நாலு தடவை மடித்துவிட்டேன். அவருக்கு வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு.

இது உன் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். அம்மாவிடம் நீயாக எதுவும் கேட்காதே. வேலை போனால் நானே வாய் திறந்து சொல்வேன்.

உன் தொழிற்சாலையில் இப்போது புதுப் பெண்களை உன்னிடம்தான் விடுகிறார்களாமே. ஒன்று கேட்கிறேன், தட்டாதே. தெரியுமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதே. என்னைப் போல ஒருத்தி இருந்தால் தெரியும் என்றுதான் சொல்வாள். எவ்வளவு அவசரமானாலும் பக்கத்தில் நின்று ஒரு தடவை செய்யச் சொல்லிப் பார், அக்கா.

மெஷின் பக்கம் நிற்கும்போது உன் கை பத்திரம்.

உன் மேல் உயிரான
தங்கச்சி