பயணியர் மாளிகையில் நான் சொன்னது

சார்,

இன்று காலை வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். அந்த நெடி வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. உங்கள் வீட்டுக்கு நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

ஆம்பூர் நாற்றம் தாங்காமல்தான் நீங்கள் பொடி பழகினீர்கள். முதல் நாள் என் தோல் மண்டிக்கு வந்தபோது கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. "இன்னா சார், சி.ஐ.டி.ன்னா மோப்பம் புடிக்கணும். நீங்க மூக்க மூடிக்கினு வர்றீங்களே" என்றேன். சிரித்துவிட்டீர்கள். அன்றிலிருந்து தோஸ்த்.

போலீஸ் உளவுப் பிரிவில், ஊர் ஊராக வரும் தகவல்களை அலசி, எது மெய், எது கட்டுக்கதை என்று எழுதி மேலே அனுப்புவது உங்கள் வேலை. நான் பச்சைத்தோல் சுமக்கும் கூலியாகத் தொடங்கி, தடவிப் பார்த்தே தரம் சொல்லும் வியாபாரியானவன். "நம்ம ரெண்டு பேர் வேலையும் ஒண்ணுதான் பாய்" என்பீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் அந்தப் பெரிய தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். வெளியூர்க்காரர்கள் தூண்டிவிட்டார்கள் என்றார் முதலாளி. மூன்று தொழிலாளிகளைப் பிடித்து வேலூர் ஜெயிலில் போட்டார்கள். நடந்தது வேறு என்று உங்களிடம் சொன்னவன் நான். கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய இறங்கிய முனுசாமியும் ஏசுபாதமும் விஷக்காற்றில் செத்தார்கள். தோல் இறக்கப் போயிருந்த நான் கண்ணால் பார்த்தேன். முதலாளி அதை மூடி மறைத்ததால்தான் மற்றவர்கள் வேலைக்குப் போகவில்லை.

நீங்கள் ஒரு வாரம் அலைந்து விசாரித்து அப்படியே எழுதினீர்கள். உங்கள் மேலதிகாரி அந்தப் பக்கங்களை உருவிவிட்டு, வெளியூர்க்காரர் கதையை மட்டும் அனுப்பினார். வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மெட்ராஸுக்குப் புகார் எழுதினீர்கள்.

விசாரிக்க ஒரு பெரிய அதிகாரி வந்தார். முந்தின நாள் மண்டிக்கு வந்து நின்றுகொண்டே பேசினீர்கள்.

"உங்க பேர நான் எங்கயும் எழுதல பாய். கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனா வேலைய நிறுத்தினவங்க பேச்ச அவரு நம்ப மாட்டாரு. பாத்த வெளி ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்களா வந்து சொன்னா அந்த மூணு பேரும் வெளிய வந்துருவாங்க."

"வர்றேன் சார்" என்றேன்.

வந்தேன். பயணியர் மாளிகைக் கூடத்தில் முதலாளியின் ஆட்களும் மற்ற வியாபாரிகளும் இருந்தார்கள். ஓரமாக நீங்கள். குழியில் யாராவது செத்தார்களா என்று அதிகாரி கேட்டார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியாதுங்க."

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த முதலாளி தோல் எடுத்தால்தான் என் மண்டி ஓடும். ஆனால் பயம் மட்டும் இல்லை. எங்கள் தொழிலில் நாலு பேர் முன்னால் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். பேசி முடித்த பிறகும், யாராவது கேட்டால் "ஒண்ணும் படியல" என்போம். கூடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு, அதிகாரியைத் தனியாகப் பிடித்து உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றே நினைத்தேன். சர்க்கார் விசாரணையும் எங்கள் மண்டி மாதிரி என்று நினைத்த மடையன் நான்.

ஜீப்பருகே காத்திருந்து, "ஐயா, தனியா ஒரு வார்த்தை" என்றேன்.

"எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு. இனிமே மாத்திச் சொன்னா பொய் சாட்சின்னு உங்களத்தான் உள்ள வைக்கணும்" என்றார். அப்போதும் சொல்லியிருக்கலாம். ஜீப் போய்விட்டது.

புகாரில் ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். மூன்று பேரும் ஜெயிலிலேயே கிடந்தார்கள். உங்களை அரக்கோணத்துக்குத் தூக்கியடித்தார்கள். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

"என் மேல கோவமா சார்?"

"இல்ல பாய்" என்றீர்கள். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு வந்து, "நீங்க சொன்னத முதல் தரத் தகவல்னு போட்டிருந்தேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

இன்று வேலூரில் உங்கள் பழைய அலுவலகத்துக்குத்தான் போனேன். எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி நல்லவர். "அந்த ஃபைல இனிமே யாரு தேடுவாங்க பாய்? டீ சாப்பிடறீங்களா?" என்றார். பேனாவை எடுக்கவில்லை.

உங்களிடமும் நான் முழுதாகச் சொல்லவில்லை சார். கயிறு கட்டி மேலே தூக்கியபோது ஏசுபாதத்துக்கு மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலாளி வண்டி தரவில்லை. வாசலில் என் டெம்போ நின்றிருந்தது. அவன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். எனக்கு எதற்கு வம்பு என்று நானும் சாவியைக் கொடுக்கவில்லை.